பல்லக்கு மனு

அந்த வரியை ஆவுடைநாயகம் அண்ணாச்சி கோர்ட்டில் வாசித்தபோது முதலில் சிரித்தவன் நான்தான். எதிர்த்தரப்பு வக்கீல் என்றாலும் அண்ணாச்சியின் வாசிப்பு அப்படி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, மனுவின் மூன்றாம் பக்கத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "மனுதாரர் மேற்படி பாதையில் அன்றாடம் நடந்து வருகிறார். இவ நடக்கிற நடைக்குப் பாதை எதுக்கு, பல்லக்குக்குல்லா மனு போடணும்." நல்ல வரி என்று நினைத்தேன். எவனோ ரசிகன் எழுதியிருக்கிறான் என்றுகூட நினைத்தேன். பெஞ்சு கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டார். பின்வரிசை ஜூனியர்கள் குலுங்கினார்கள். என் சிரிப்பு தொண்டையை விட்டுக் கிளம்பிப் பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது: மனு என்னுடையது. மனுதாரர் என் கட்சிக்காரி. வரியும் என்னுடையதுதான்.

இது தொண்ணூற்றாறில், ஒரு செவ்வாய்க்கிழமை. தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஒரு முன்சீப் கோர்ட்டு. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே எனக்கு இன்னும் டீ கொடுக்கிறார்கள்.

கட்சிக்காரி இசக்கியம்மா கதவோரம் நின்றிருந்தாள். நடவுக்குப் போய் வரப்பில் சறுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. வலது காலைத் தாங்கித் தாங்கித்தான் நடப்பாள். அவள் வீட்டுக்குப் போகிற பாதையில் பக்கத்து வயல்காரர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். அதிலிருந்து அவள் கால்வாய்க் கரையைச் சுற்றி ஒன்றரை மைல் நடந்து வீட்டுக்குப் போகிறாள். வேலியை எடுக்கச் சொல்லித்தான் மனு. என்ன வாசித்தார்கள் என்று அவளுக்கு முழுக்கப் புரியவில்லை. எல்லோரும் சிரிப்பதையும் அதில் நானும் ஒருவன் என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்சீப் சிரிக்கவில்லை. அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே இசக்கியம்மாவின் ஊதா நிறக் கைரேகை. அதன்கீழ், எந்த மனுவிலும் இருக்கிற வாசகம்: 'மேற்கண்டவற்றை வாசிக்கக் கேட்டு, உணர்ந்து, சரியென ஒப்புக்கொண்டு என் முன்னிலையில் கைரேகை வைத்தார்.' அதன்கீழ் என் கையெழுத்து, பாம்பு நெளிந்து போவது மாதிரி.

"வாசிச்சுக் காட்டினீங்களா?" என்றார்.

அந்த நேரத்தில் மனிதனுக்கு இரண்டு வழி இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. "வாசிச்சுக் காட்டினேன், யுவர் ஆனர். அதுக்கப்புறம் டைப்பிஸ்டு அந்தப் பக்கத்த மட்டும் மறுபடி அடிச்சிருக்காங்க. அப்பதான் ஏதோ..." அந்த 'ஏதோ'வை நான் கையால் காற்றில் ஒரு சுழற்று சுழற்றிக் காட்டினேன். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரச் சொல்லி மனுவை ஓரமாக வைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். கோர்ட்டு மதில் ஓரம் புங்கமரத்தடியில் மூன்று டைப்ரைட்டர் மேஜைகள் உண்டு. நடு மேஜை ஹமீது பீவியுடையது. மேலப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வருவார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பதினோரு வருடமாக என் மனுக்கள் எல்லாம் அந்த மேஜையில் பிறந்தவைதான். நான் எழுதிக் கொடுக்கிற ஜாதி இல்லை. மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே சொல்லுவேன், அவர் அடிப்பார். கையைக் கட்டிப்போட்டால் எனக்கு ஒரு வாய்தா மனுகூடச் சொல்ல வராது. 'வேலியை அடைத்தார்' என்றால் இரண்டு கையையும் விரித்து அடைப்பேன். 'மிதித்து நாசம் செய்தார்' என்றால் மரத்தடியில் கிடக்கும் புங்கங்காய் நாலாவது நசுங்கும். முந்தின நாள், திங்கட்கிழமை காலை, 'மனுதாரர் அன்றாடம் நடந்து வருகிறார்' என்று சொன்னேன். சொன்னதும் என் இடுப்பு தானாக ஒரு பக்கம் இறங்கியது. வலது கால் இழுத்துக்கொண்டது. நாலு எட்டு அப்படியே போனேன். கால் போன பின்னால் வாய் சும்மா இருக்குமா? அந்த வரி வந்தது. எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான். மெஷின் நிற்கவில்லை. நானும் நிற்காமல் 'மேலும்' என்று அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

இசக்கியம்மா அப்போது கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் இருந்தாள். நடக்க வைக்க வேண்டாமே என்ற கருணையில், ஸ்டாம்பு பேடை எடுத்துக்கொண்டு நானே அங்கே போய்க் கட்டைவிரலை உருட்டிக்கொண்டு வந்தேன். ஒரு பக்கத்தில் அந்தக் கருணையும் இன்னொரு பக்கத்தில் அந்த நாலு எட்டும், ஒரே காலை வேளையில், ஒரே ஆளிடம் எப்படி இருந்தன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மனுவை நான் வாசிக்கவில்லை.

ஹமீது பீவி வழக்கமாகச் சொல்லுகிற ஒன்று உண்டு. "எனக்கு அடிக்குத மேட்டரு புரிய வேண்டாம் சார். காதுல விழுதது விரலுக்குப் போவும். நடுவுல தலையில எறங்கிட்டுன்னா தப்பு வந்துரும்." நான் இதை வக்கீல்கள் கூடுகிற பார் ரூமில் பத்துத் தடவையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே பார் ரூமில், 'தலையில எறங்கிட்டு, தப்பு வந்துட்டு' என்று, அதுவே எனக்குச் சாட்சியாகப் போயிற்று.

"என்ன வே, பல்லக்கு எங்கன நிக்கி?" என்றார் ஆவுடைநாயகம் அண்ணாச்சி. வக்கீல் சங்கத்துச் செயலாளரும் அவர்தான். "சிரிக்கதுக்கு இல்ல மகேசா. கைரேக வச்ச மனுவுல ஒருத்தி வரிய சேப்பான்னா நாளைக்கு எவன் மனுவுல என்ன சேப்பா? வெள்ளிக்கெழம சாயந்தரத்துக்குள்ள மேஜய எடுத்துரச் சொல்லிட்டேன். தப்பு எம்மேலதான்னு எழுதித் தந்தா பாக்கலாம். அந்தப் பொம்பள தரமாட்டேங்கா."

"என்ன சொல்லுதாங்க?"

"ஒண்ணும் சொல்லல வே. அடிச்சுக்கிட்டே இருக்கா."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. அண்ணாச்சி எனக்கு முதல் கோட்டு தைத்துக் கொடுத்தவர். வாசித்துக் காட்டாமலே 'வாசிக்கக் கேட்டு' என்று கையெழுத்துப் போட்டேன் என்றால் வக்கீல் தொழில் பார்க்க வைத்திருக்கிற என் சன்னது போனாலும் போகும். நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை கூடுதல் என்று டீக்காரரிடம் சண்டை போட்டேன்.

வெளியே வந்து மரத்தடிக்குப் போனேன். ஹமீது பீவி தலை நிமிரவில்லை. யாருடைய கிரயப் பத்திரமோ ஓடிக்கொண்டிருந்தது.

"பீவி, கோர்ட்டுல நான் அப்படிச் சொல்லவேண்டியதாப் போச்சு."

டக டக டக.

"அண்ணாச்சிகிட்ட நான் பேசுதேன். பையப் பைய சரி பண்ணிரலாம்."

வரி முடிந்து மெஷினில் மணி அடித்தது. உருளையை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

"அந்தப் பல்லக்கு வரி மேட்டர் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியலியா?" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தார். முகத்தை அல்ல, என் கால்களைப் பார்த்தார். செருப்பிலிருந்து முழங்கால் வரை, பிறகு மறுபடி செருப்பு. "மேட்டர் இருந்தா சொல்லுங்க சார். இல்லன்னா வெளிச்சத்த மறைக்காதிய."

மறுநாள் காலை இசக்கியம்மா என் ஆபீஸ் வாசலில் நின்றாள். கெண்டைக்கால் வரை கால்வாய்ச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பல்லக்கு வந்துருக்கும்னு வெளிய பாத்தேன், வக்கீலய்யா. காணல."

டீக்கடையில் யாரோ அந்த வரியைச் சொல் பிசகாமல் ஒப்பித்திருக்கிறார்கள். நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "இசக்கியம்மா, அது டைப்படிக்கையில வந்த தப்பு" என்றேன்.

"அந்த மிஷினுக்காரம்மா என்னையக் கண்ணால பாத்ததுண்டா?"

நான் மேஜைமேல் கிடந்த ஒரு கட்டின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"என்னைய டீக்கடையில உக்காத்திட்டுல்லா போனிய. நான் எப்படி நடப்பேன்னு அவளுக்கு என்ன தெரியும்? நொண்டியா, நொடமா, மயிலு மாதிரி நடப்பேனான்னு அவ கண்டாளா?" நான் பதினெட்டு வருட வக்கீல் தொழிலில் இப்படி ஒரு குறுக்கு விசாரணை செய்ததில்லை. "நீங்கதான் நடந்து காட்டியிருக்கணும்."

"இசக்கியம்மா..."

"எங்க, ஒருக்க நடந்து காட்டுங்க பாப்பம். நானும் பாக்கேன். என் நடைய நான் பாத்ததே இல்லல்லா."

அவள் வாசற்படியிலிருந்து நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நிஜமாகவே இடம் விட்டாள், கூத்துப் பார்க்க ஒதுங்குவது மாதிரி. நாக்கில் நல்லதாக ஒன்றுக்கு இரண்டு பதில் வந்து நின்றன. சொல்லியிருந்தால் அவளே சிரித்துவிட்டிருப்பாள். ஆனால் கால் வரவில்லை. நொண்டவும் வரவில்லை, நேராக நடந்து உள்ளே போகவும் வரவில்லை. கால் வராததால் வாயும் வரவில்லை. என் பேச்சு முழுவதும் கைகாலில்தான் இருந்தது என்பதை ஒரு கட்சிக்காரி முன்னால் நின்றுகொண்டு அன்றைக்குக் கண்டுபிடித்தேன்.

"வெள்ளிக்கெழம வாறேன்," என்றாள். "கேஸ நடத்துவியளா, கேஸு கட்டத் திருப்பித் தருவியளான்னு சொல்லிருங்க." போனாள். ஜன்னல் வழியாக அவள் போவதைப் பார்க்காமல் இருக்க நான் பீரோவைத் திறந்தேன்.

பீரோவில் அந்த மனுவின் மூன்றாவது காப்பி இருந்தது. ஹமீது பீவி நடுவில் கார்பன் வைத்து மூன்று தாளை ஒன்றாகச் செருகித்தான் அடிப்பார். முதல் தாள் கோர்ட்டுக்கு, இரண்டாவது எதிர்த்தரப்புக்கு, மூன்றாவது எனக்கு. மூன்றாவது எப்போதும் ஆவி மாதிரிதான் இருக்கும். மங்கலாக, எழுத்தின் நிழல் மட்டும் விழுந்திருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக என் மனுவை நான் வாசித்தேன். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். 'மேற்படி', 'அன்றாடம்' எல்லாம் வழக்கம்போல் மங்கல். 'நடக்கிற நடைக்கு' என்ற இடத்திலிருந்து கறுப்பு. முதல் தாளைப் போல அழுத்தமான கறுப்பு. 'பல்லக்கு' என்பதில் புள்ளிகள் தாளை ஓட்டை போட்டிருந்தன. அடுத்த பத்தியில் 'மேலும்' மறுபடியும் மங்கல்.

அன்றைக்கும் மறுநாளும் கோர்ட்டுக்குப் போகவில்லை. பழைய கட்டுகளை எல்லாம் தரையில் இறக்கினேன். பதினோரு வருடத்து மூன்றாவது காப்பிகள். தச்சநல்லூர்ப் பாகப்பிரிவினை, நாங்குநேரி ஜீவனாம்சம், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காயப்போடும் மொட்டைமாடிக்காக அண்ணன் தம்பி ஆறு வருடம் நடத்திய வழக்கு. எழுத்தை வாசிக்காமல் கறுப்பை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். 'ஆகவே', 'மேலும்', 'கனம் கோர்ட்டார் அவர்கள்' எல்லாம் மங்கல். 'தள்ளினார்' கறுப்பு. 'மயிரைப் பிடித்து இழுத்தார்' கறுப்பு. 'பிடுங்கி எறிந்தார்' கறுப்பு. 'கழுத்தை நெரித்தார்' என்பதில் தாள் கிழிந்திருந்தது. ஜீவனாம்ச மனு ஒன்றில், 'குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்தார்' என்ற வரியில் 'தூக்கி' மட்டும் கறுப்பு. மற்றதெல்லாம் மங்கல். அந்த ஒரு சொல்லில் அவருடைய கை கனத்திருக்கிறது. நான் சொல்லும்போது என் கை ஆடியது, கட்சிக்காரன் பார்க்க. அவருடைய கை ஒருவரும் பார்க்காத மூன்றாவது தாளில் ஆடியிருக்கிறது. காதுக்கும் விரலுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்று சொன்ன மனுஷி, பதினோரு வருடமாக ஒவ்வொரு அடியையும் வாங்கி அடித்திருக்கிறார்.

வேறொருவனாக இருந்தால் இதைக் கண்டதும் மனம் உருகியிருப்பான். எனக்கு முதலில் வந்தது கோபம். அப்படியானால் தெரிந்தேதான் அடித்திருக்கிறார். என் வாயிலிருந்து விழுந்த எச்சிலை எடுத்து என் மனுவிலேயே பூசியிருக்கிறார். இதை வைத்தே விளக்கம் எழுதலாம், நான் தப்பிக்கலாம் என்று வக்கீல் புத்தி ஒரு நிமிடம் கணக்குப் போட்டது. பொய் இல்லை, ஒரு நிமிடத்துக்கு மேலேயே இருக்கும். அப்புறம் அந்த 'தூக்கி' கண்ணில் பட்டது. தாள்களைக் கட்டி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மரத்தடியில் மற்ற இரண்டு மேஜைகளும் ஓடிக்கொண்டிருந்தன. நடு மேஜையில் ரிப்பன் டப்பா, எண்ணெய்க் குப்பி, கார்பன் உறை எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போயிருந்தன. மெஷின் மட்டும் வெளியே இருந்தது. சங்கத்து ஆபீஸ் படியில் ஆவுடைநாயகம் அண்ணாச்சி பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். மதிலுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் இசக்கியம்மா. இந்தத் தடவை அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"மேட்டர் இருந்தா சொல்லுங்க," என்றார் ஹமீது பீவி.

"இருக்கு. மூணு காப்பி."

தாள்களைச் செருகினார். நான் மேஜையைச் சுற்றவில்லை. இரண்டு கையையும் பின்னால் கோத்துப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றேன். கை ஆடாமல் சொல்லு சொல்லாக எடுக்க வேண்டியிருந்தது. கிணற்றில் கயிறு இல்லாமல் வாளி இறக்குவது மாதிரி.

"மனுதாரரின் வழக்கறிஞராகிய நான் தெரிவித்துக்கொள்வது. மனுவின் வாசகங்களை நான் மனுதாரருக்கு வாசித்துக் காட்டவில்லை." டக டக. "நானும் வாசிக்கவில்லை." டக. "மூன்றாம் பக்கத்தில் கண்ட வரி தட்டச்சு செய்தவர் சேர்த்ததல்ல. அந்தப் பக்கம் மறுபடி அடிக்கப்படவும் இல்லை. அது நான் வாய்விட்டுச் சொன்னது." அண்ணாச்சியின் பேப்பர் தாழ்ந்தது. "சொல்லும்போது மனுதாரரைப் போல நொண்டி நடந்தும் காட்டினேன்."

மெஷின் நின்றது. இத்தனை வருடத்தில் என் சொல்லுக்காக அது நின்றது அப்போதுதான். 'இதையும் அடிக்கவா' என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அடித்தார்.

"ஏலே மகேசா," என்று படியிலிருந்து குரல் வந்தது. "கிறுக்குப் புடிச்சிட்டா? யோசிச்சுச் சொல்லுலே. எழுத்துல ஏறிட்டுன்னா எறங்காது."

"ஏறட்டும் அண்ணாச்சி."

"ஏறுனா ஒம்ம சன்னது போவும் வே. எங்கிட்ட வந்து நிக்காதீம்." பேப்பரை மடித்து உதறிவிட்டு உள்ளே போனார். மேஜை நிற்குமா போகுமா என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

கடைசி வரியும் முடிந்தது. தாள்களை உருவி, கார்பனைப் பிரித்து, விளிம்புகளைத் தட்டி நேராக்கினார். நான் பையிலிருந்து அந்தப் பழைய மூன்றாவது காப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கறுத்த வரியின்மேல் விரலை வைத்தேன்.

"பீவி, கோர்ட்டுக்காகக் கேக்கல. அண்ணாச்சிக்காகவும் கேக்கல. இது அன்னைக்கு ஒங்க காதுல விழுந்து விரலுக்குப் போனதா, இல்ல புரிஞ்சு அடிச்சதா?"

அவர் அந்த வரியைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"புரிஞ்சுதான் அடிச்சேன்," என்றார். "நீங்க அந்த நாலு எட்டு வச்சதும் எனக்கு இடுப்புல வலிச்சுது சார். நெசமா வலிச்சுது. நிறுத்திருக்கலாம். நிறுத்துனா சிரிச்சு மழுப்பிருவிய. அதான் அடிச்சேன். கையெழுத்துப் போடதுக்கு முந்தி வாசிப்பிய, வாசிச்சா ஒங்களுக்கே வெக்கமாயிரும், பீவி இத மாத்தி அடிச்சுத் தாங்கன்னு வருவிய, அப்ப ஒரு வார்த்த கேக்கணும்னு இருந்தேன். நீங்க வாசிப்பியன்னு நம்பிட்டேன். அது ஒண்ணுதான் என் தப்பு."

புதுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவை நீட்டவில்லை, அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். நான் குனிந்து முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். விரல் எந்த இடத்திலாவது ஒரு சொல்லைத் தாண்டுகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.